இருட்டறைக் கதவின் உள்பக்கம்

மலர்விழி மேடத்தைச் சேர்க்காமல் லேப் பிள்ளைகள் நீங்கள் தனியாக ஒரு வாட்ஸாப் குரூப் நடத்துகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். போன வாரம் அதில் போட்ட வீடியோவை ஒரு நல்லவர் எனக்கு அனுப்பினார். யார் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.

வீடியோவில் மலர்விழி சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும் முன் இருட்டறைக் கதவை வெளியிலிருந்து தட்டுகிறாள். காதை வைத்துக் கேட்கிறாள். "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத் திறந்து பார்க்கிறாள். காலி அறை. சாத்திவிட்டு மறுபடியும் ஒரு தட்டு. உங்களில் ஒரு கெட்டிக்காரர் பின்னணியில் பேய்ப்பட இசை வேறு சேர்த்திருக்கிறார். கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசை கட்டி நிற்கின்றன.

ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தாலும், எனக்கு வந்த கோபத்துக்கு அன்றே தாம்பரத்திலிருந்து ஆட்டோ பிடித்து வந்து உங்களை வரிசையாக நிற்கவைத்துக் கேட்டிருப்பேன். முட்டிவலி தடுத்துவிட்டது, பிழைத்தீர்கள். ஆகவே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு அந்த வீடியோவை என்ன செய்வது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

முதலில் நம் தொழிலைப் பற்றிக் கொஞ்சம். பயப்படாதீர்கள், பாடம் நடத்தப் போவதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "எதுல கரைச்சே?" என்பதுதான். எவ்வளவு, எப்போது, எந்தக் கருவி என்பதெல்லாம் அப்புறம். எரிச்சலாக வரும். பிறகு சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துச் சாயக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒரு மாதிரி வந்தது. நாங்கள் அது பச்சையாக ஒளிர்கிறது என்று எழுதிக் கொடுத்தோம். இன்னொரு லேப்காரர்கள் ஆரஞ்சு என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கம்பெனிக்காரர் வந்து எங்கள் மேசையைத் தட்டிச் சத்தம் போட்டார். கடைசியில் பார்த்தால் இரண்டு லேபும் சரி. அவர்கள் கரைத்தது ஒன்றில், நாங்கள் கரைத்தது வேறொன்றில்.

ஒரு மூலக்கூறு வெளிச்சத்தை வாங்கியதும் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த நேரத்துக்கு வேறு ஆளாகிவிடுகிறது. சுற்றி நிற்கும் கரைப்பான், அந்தப் புது ஆளுக்கு ஏற்றபடி திரும்பி நின்று, அதன் ஆற்றலில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது. மிச்சத்தைத்தான் மூலக்கூறு வெளிச்சமாகத் திருப்பித் தருகிறது. சுற்றி நிற்பவர்கள் அதிகமாக வாங்கிக்கொண்டால் நிறம் நீலத்திலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து சிவப்புப் பக்கமும் நகரும். மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டால் வெளிச்சமே வராது. ஆள் அங்கேயேதான் இருக்கும், பேச்சு வராது. "ஒளிரவில்லை" என்று எழுதலாம், "இல்லை" என்று எழுதக்கூடாது என்பார் அவர். அதை நான் ஒரு விதியாக மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். அதன் முழு அர்த்தம் எனக்குப் பட்டப்பகலில், நம் இருட்டறையில் வைத்துத்தான் விளங்கியது.

நம் லேப் பெருங்களத்தூரில் இருந்து பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் போகும் தெருவில்தான் அப்போதும் இருந்தது. கொரோனா அடங்கியிருந்த சமயம். முகக்கவசங்கள் காணாமல் போயிருந்தாலும் சானிட்டைசர் பாட்டில்கள் மட்டும் ஒவ்வொரு மேசையிலும் மிச்சம் இருந்தன. மாதிரிகள் ஒளிர்வதைப் பார்க்கும் இருட்டறையும் இன்றைக்கு நீங்கள் பார்ப்பது போலத்தான். சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் பளபளப்பில்லாத கருப்பு. கதவு வெளிப்பக்கமாகத் திறக்கும். விளிம்பெல்லாம் ரப்பர் வைத்த கனமான கதவு. போன் வெளிச்சம் ஆகாது என்பதால் போனை வெளியே மேசையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

அந்த வருடம் ஆயுத பூஜை. நான் செங்கல்பட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். நடந்ததைப் பிறகு ஒவ்வொருவராகச் சொல்லக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

மலர்விழி அப்போது இளநிலை ஆய்வாளர். இரும்புலியூரில் வீடு, கல்யாணமாகிக் கொஞ்ச காலம். பூஜை வேலை எல்லாம் அவள் தலையில்தான். மஞ்சளைக் குழைத்துப் பிள்ளையார் பிடித்தாள். அந்தக் கையோடு ஒவ்வொரு கருவிக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனாள். கருவிகளுக்கு அன்று ஓய்வு என்று அந்தப் பக்கத்து மெயின் ஸ்விட்சை அணைத்திருந்தார்கள். ஸ்பீக்கரில் சாமி பாட்டு. வாசலில் பூசணிக்காய். கூட்டமும் சத்தமுமாக இருந்திருக்கிறது.

பூஜை முடிந்து பொரி, சுண்டல் கொடுக்கும்போது மலர் பங்கு மட்டும் மேசையில் அப்படியே இருந்தது. ஜெனிபர் என்ற பெண் தேடிக்கொண்டு போய் இருட்டறைக் கதவைத் திறந்தாள். கதவு சாதாரணமாகத் திறந்துகொண்டது. மலர் வாசற்படி ஓரமாகச் சுருண்டு கிடந்தாள். பக்கத்தில் ஒரு கரைப்பான் பாட்டில் உடைந்து, அறை முழுக்க மூக்கைத் துளைக்கும் நெடி. மின்சாரம் இல்லாததால் புகைபோக்கி விசிறியும் ஓடவில்லை. தூக்கிக்கொண்டு தாம்பரத்து ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் கண் விழித்ததிலிருந்து அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான் தட்டினேன். யாரும் திறக்கல."

நான் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அந்த வீட்டில் எல்லாக் கதவுகளும் அகலத் திறந்து கிடந்தன. குளியலறைக் கதவைக்கூட அவள் சாத்துவதில்லை என்று அவள் கணவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

"மேடம், கதவு திறந்துதானே இருந்துச்சு? ஜெனிபர் இழுத்ததும் வந்துடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. விரதம் இருந்தா, மயக்கம் போட்டுட்டா. அவ்வளவுதான். ஆனா இவ தட்டினேன் தட்டினேன்னு... அம்மா மந்திரிக்கக் கூட்டிப் போகணும்ங்கறாங்க. நான் டாக்டர்கிட்ட போலாம்ங்கறேன்."

மலர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"ஒருவேளை நான் தட்டவே இல்லையோ மேடம்? தட்டின மாதிரி எனக்கு நானே நினைச்சுக்கிட்டேனோ?"

லேபில் ஒரு எண்ணைப் பத்து தடவை சரிபார்க்கும் பெண் அவள். அவளுக்கே அவள் மேல் நம்பிக்கை போய்க்கொண்டிருந்தது. வேலையை விடுவதாகக் கடிதமும் எழுதி வைத்திருந்தாள். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகையாக வந்தது.

அதற்குப் பிறகுதான் ஜெனிபர் அந்தக் கையைப் பார்த்தாள்.

பேய்க்கதை என்றால் ராத்திரி, மழை, கரண்ட் கட் எல்லாம் வேண்டும். இது காலை டீ முடிந்த நேரம். வெளியே ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் கத்திக்கொண்டிருந்தன. இருட்டறைக்குள் யூ.வி. விளக்கைப் போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜெனிபர் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள்.

"கதவுல கை மேடம். உள்பக்கம். பச்சையா. என்னைப் பார்த்து வெச்ச மாதிரி."

நான் போய்ப் பார்த்தேன். விளக்கைப் போட்டேன். கருப்புக் கதவு. வேறொன்றும் இல்லை. லேப் முதலாளி எம்.டி. சாரும் வந்து பார்த்தார். ஈரத்துணியால் கதவைத் துடைத்து, மறுபடியும் விளக்கை அடித்துக் காட்டினார். "எங்கே கை? காட்டுங்க" என்றார். ஜெனிபர் அழுதுகொண்டே நின்றாள்.

எங்கள் வேன் டிரைவர் டில்லி அண்ணன் வாசலில் நின்று தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தார். "இது ஏரி எடம் மேடம். தண்ணில போனவங்க எத்தினி பேரோ. எவனுக்கு இன்னா தெரியும்? கை மட்டும் வந்துகினு இருக்கும்னு எங்க ஆயா சொல்லும்."

"உங்க ஆயா இங்க வேலை பார்த்தாங்களா?" என்று கேட்டேன். ஆனாலும் அன்று மத்தியானத்திலிருந்து யாரும் இருட்டறைக்குள் தனியாகப் போகவில்லை. மறுநாளும் ஜெனிபர் பார்த்தாள். அதற்கடுத்த நாள் வேறொரு பையனும் பார்த்துவிட்டு லீவு போட்டான். எப்போதும் ஒரே கதைதான். கை வருகிறது, ஆளைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் போய்விடுகிறது.

எம்.டி. சார் கெட்டவர் இல்லை. பயந்த சுபாவம், அதை மறைக்கக் கொஞ்சம் அதட்டல். தரச்சான்று ஆய்வுக்குழு மறுநாள் வருவதாக இருந்தது. "இருட்டறைக்கு ரெண்டு கோட் பெயின்ட் அடிச்சுடலாம். கதவோட சேர்த்து. இந்தப் பேச்சு இன்னியோட முடியணும்" என்றார். பெயின்டர் சட்டையைக் கழற்றிவிட்டு டப்பாவைக் கலக்க ஆரம்பித்திருந்தார்.

நான் அரை மணி நேரம் கேட்டேன். எதற்கு என்றார். எனக்கே தெரியவில்லை. கை மறைவது என்னை உறுத்தியது, அவ்வளவுதான். கதவில் ஏதாவது இருந்தால் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இல்லாமல் இருக்க வேண்டும். வந்து வந்து போகிறது என்றால், கூடவே வேறு ஏதோ ஒன்று வந்துபோகிறது.

ஜெனிபரை உள்ளே கூப்பிட்டேன். மாட்டேன் என்றாள். என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள்.

"கையைப் பார்க்கறதுக்கு முன்னாடி என்னென்ன செஞ்சியோ, அதையே செய். ஒண்ணையும் விடாதே."

விளக்கைப் போட்டாள். கதவை இழுத்துச் சாத்தினாள். மேசையிலிருந்த சானிட்டைசரை எடுத்தாள். கொரோனாவில் இருந்து வந்த பழக்கம், கைப்பிடியைத் தொட்டதும் அதன் மேல் ஒரு தடவை அடிப்பாள். அடித்தாள். சாரல் கைப்பிடியைச் சுற்றிக் கதவிலும் பட்டது.

கருப்புக்குள்ளிருந்து விரல்கள் வந்தன.

எனக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஐந்து விரல், உள்ளங்கை, ரேகைகூடத் தெரிந்தது. மஞ்சள் கலந்த பச்சை. எதிரில் ஒருவர் கண்ணாடிக்கு அப்பால் நின்று கையை அழுத்தியது போல இருந்தது. ஜெனிபர் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரல் நுனிகள் முதலில் மங்கின, பிறகு உள்ளங்கை. கதவு மறுபடியும் வெறும் கருப்பானது.

மங்கும்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆவி உலராது. சானிட்டைசர் உலரும்.

"எதுல கரைச்சே?" என்ற குரல் காதில் விழுந்தது போல இருந்தது. எம்.டி. சார் துடைத்தது தண்ணீரால். தண்ணீரில் அது ஒளிராது. சானிட்டைசரில் இருப்பது ஆல்கஹால், அதில் ஒளிர்கிறது. கை தெரிந்த இடத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு, டொலுவீன் என்ற இன்னொரு கரைப்பானைத் தொட்டு வைத்தேன். அங்கே பச்சை நீலத்தின் பக்கம் நகர்ந்தது. பூஜை சாமான் டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை மஞ்சள்தூளை எடுத்து, அதே மூன்றிலும் போட்டு விளக்கில் காட்டினேன். தண்ணீரில் ஊமை, ஆல்கஹாலில் பச்சை, டொலுவீனில் நீலம் கலந்த பச்சை. கதவு என்ன சொன்னதோ, அதையே மஞ்சளும் சொன்னது.

பாட்டில் உடைந்த மறுநாள் அறையைச் சோப்புத்தண்ணீரால் கழுவியிருந்தார்கள். தூள் போயிருந்தது. நிறம் பெயின்டுக்குள் இறங்கி அங்கேயே இருந்தது. கருப்பின் மேல் சாதாரண வெளிச்சத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்துவிட்டது.

பிள்ளையார் பிடித்த கை. அன்றைக்கு இரண்டு உள்ளங்கையும் மஞ்சளாக இருந்தவள் ஒருத்திதான்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். வெளியே எம்.டி. சார் கதவைத் தட்டி, "முடிஞ்சுதா மேடம்?" என்கிறார். எனக்குள்ளே ஒரே துடிப்பு, ஓடிப்போய்க் காட்டிவிட வேண்டும், மலருக்குப் போன் போட்டு "நீ தட்டினது நிஜம்" என்று கத்த வேண்டும். செய்யவில்லை. கதவில் ஒரு கை இருந்தால் அது பொட்டு வைக்கப் போனபோது சாய்ந்த கையாகவும் இருக்கலாம். நான் முதலில் காட்டிவிட்டால், பிறகு அவள் என்ன சொன்னாலும் அது பார்த்துவிட்டுச் சொன்னதாகிவிடும். மற்றவர்கள் நம்புவது இருக்கட்டும், அவளே அவளை நம்ப மாட்டாள்.

அன்று ஒரு விதியை மீறினேன். என் போனை இருட்டறைக்குள் கொண்டுவந்தேன். திரையைத் துணியால் மூடி, ஸ்பீக்கரில் போட்டு, மலரைக் கூப்பிட்டேன்.

"மலர், ஒண்ணும் கேக்காதே. அன்னிக்கு நடந்ததை முதல்லேர்ந்து சொல்லு. மெதுவா."

ஜெனிபரிடம் பாட்டிலைக் கொடுத்து, மேலிருந்து கீழே அடித்துக்கொண்டு வா என்று சைகை காட்டினேன்.

"கரண்ட் இல்லாம ஒரே இருட்டு மேடம்" என்றது மலரின் குரல். "பொட்டு வெச்சுட்டுத் திரும்பினேன். கதவு சாத்திக்கிச்சு. தள்ளினேன், வரல. கை பட்டுப் பாட்டில் விழுந்துச்சு. அப்புறம் தட்ட ஆரம்பிச்சேன். வலது கையால. தலைக்கு மேல, பலமா."

ஜெனிபர் அடித்தாள். தலை உயரத்துக்கு மேலே வலது கை வந்தது. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னும் ஒன்று. எண்ண முடியாமல் ஒன்றின் மேல் ஒன்றாக விரல்கள்.

"வளையல் உடைஞ்சு மணிக்கட்டுல குத்திடுச்சு. வலது கையைத் தூக்க முடியல. இடது கையால தட்டினேன்."

மார்பு உயரத்தில் இடது கைகள் வந்தன. அங்கே வலது கை ஒன்றுகூட இல்லை. ஜெனிபர் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். யாருக்குத் தைரியம் சொல்ல அப்படிப் பிடித்தேன் என்று தெரியவில்லை.

"அப்புறம்?"

"கால் நிக்கல. உக்காந்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் தட்டல மேடம். கதவுல கையை வெச்சுக்கிட்டு இருந்தேன். அந்தப் பக்கம் பாட்டு கேட்டுச்சு. எல்லாரும் சிரிக்கறது கேட்டுச்சு. கதவு சில்லுனு இருந்துச்சு."

ஜெனிபர் குனிந்து அடித்தாள். தரைக்கு ஒரு முழம் மேலே இரண்டு உள்ளங்கைகள். பக்கத்தில் பக்கத்தில், கலையாமல், ஒரு விரல்கூட நகராமல். தட்டின கைகள் இல்லை. வைத்த கைகள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்டா கண்ணு. டில்லி அண்ணன் வேன் எடுத்துக்கிட்டு வருவார். கிளம்பி வா" என்றேன்.

அவள் வந்தாள். வேனை விட்டு இறங்கினாள். நடைக்கு வந்ததும் இருட்டறையைப் பார்த்து நின்றுவிட்டாள். ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. முந்தானையை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள். அவளை அந்த அறைக்குள் மறுபடியும் போ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இருட்டு இல்லாமல் கையும் தெரியாது.

"டில்லி அண்ணே, கதவைக் கழட்டுங்க" என்றேன்.

"இன்னா மேடம்?"

"கீலோட கழட்டி நடையில சாய்ச்சு வையுங்க."

எம்.டி. சார் கத்தினார். நாளைக்கு ஆடிட், யாரைக் கேட்டு, என்னாச்சு உங்களுக்கு என்றெல்லாம். டில்லி அண்ணன் திருப்புளியை எடுத்தார். பெயின்டரும் ஒரு கை கொடுத்தார். கதவை நடைச் சுவரில் சாய்த்து, கருவிகளை மூடும் கருப்புத் துணியை மேலேயிருந்து கூடாரம் போல இழுத்துவிட்டோம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் துணியை விலக்கி வெளியே வரலாம். அதை மலரிடம் செய்து காட்டினேன். கையில் சின்ன யூ.வி. விளக்கையும் சானிட்டைசரையும் கொடுத்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லவில்லை.

துணிக்குள் போனாள். அடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு சத்தமில்லை. நான் துணி ஓரத்தை விலக்கிப் பார்த்தேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். கீழே இருந்த இரண்டு கைகளின் மேல் தன் இரண்டு கைகளையும் வைத்திருந்தாள். விரலுக்கு விரல் பொருந்தியிருந்தது.

"நான் தட்டினேன்" என்றாள்.

வீட்டில் கேட்டபோது அதில் ஒரு கேள்வி இருந்தது. இப்போது இல்லை. நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அடுத்து எம்.டி. சார் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே வந்தபோது குரல் இறங்கியிருந்தது. "இவ்வளவு தட்டியிருக்கா. அப்போ கதவு ஏன் திறக்கல? ஜெனிபர் இழுத்ததும் வந்துதே?"

டில்லி அண்ணன்தான் திருப்புளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். ஏதோ குற்றம் சொல்வதாக அவருக்கே தோன்றவில்லை. "அப்போ வாழக்கண்ணு கட்டிக்கினு இருந்துச்சே சார், கைப்பிடியில. ஜன்னல் கம்பிக்கும் அதுக்கும் சணல் போட்டு. வண்டிக்கு கண்ணு பத்தலன்னு நான் வந்து கேட்டேன். நீங்கதானே அவுத்துக் குடுத்தீங்க?"

எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. பூஜையன்று குரூப்பில் வந்த படம். செங்கல்பட்டில் இருந்தபடியே நானும் அதற்குக் கும்பிடு போட்டிருந்தேன். போனில் தேடி எடுத்து எம்.டி. சாரிடம் கொடுத்தேன். எல்லோரும் நடையில் நின்று சிரிக்கிறார்கள். நடுவில் அவர் கற்பூரத் தட்டோடு நிற்கிறார். பின்னால் மூடிய இருட்டறைக் கதவு, அதன் கைப்பிடியில் இறுக்கிக் கட்டிய வாழைக்கன்று. கட்டியவரும் அவர்தான். நடையும் வாசல் மாதிரி லட்சணமாக இருக்கட்டும் என்று பக்தியோடுதான் கட்டியிருக்கிறார். உள்ளே ஒருத்தி பொட்டு வைத்துக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது.

"இதைப் பாருங்க சார்" என்று படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன்.

கற்பூரச் சுடர் ஆடாமல் நேராக நிற்கிறது. விசிறி இல்லை, மெயின் அணைத்திருந்தது. காற்று இல்லை. ஆட்கள் முகம், சட்டைப் பொத்தான் எல்லாம் தெளிவாக விழுந்திருக்கின்றன. வாழை இலை மட்டும் கலங்கித் தெரிகிறது. படம் எடுத்த நொடியில் அது மட்டும் ஆடிக்கொண்டிருந்திருக்கிறது.

எம்.டி. சார் நடைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெயின்டர் தன் டப்பாவை மெதுவாக மூடினார். கொஞ்ச நேரம் கழித்து சார் மலரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

மலர் கேட்டது ஒன்றுதான். "இந்தக் கதவுக்கு பெயின்ட் அடிக்காதீங்க சார்."

ஆய்வுக்குழு வந்தபோது இருட்டறைக்குக் கதவு இல்லை. ஏன் என்று கேட்டார்கள், நடந்ததை நடந்தபடி சொன்னோம். மலர் அடுத்த மாதம் வேலைக்குத் திரும்பினாள். கிழித்துப் போட்ட கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. இன்றைக்கு அவள் உங்கள் இன்சார்ஜ். ஆயுத பூஜைக்கு முதல் நாள் நம் லேபில் இருட்டறைக் கதவைக் கீலோடு கழற்றி வெளியே சாய்த்து வைக்கிறோமே, அதற்கு முதல் பொட்டு வைக்கிறோமே, அந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும். "இது எந்த ஊர் சாஸ்திரம்?" என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். பெருங்களத்தூர் சாஸ்திரம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே கதவுதான் இன்றும் இருக்கிறது, பெயின்ட் அடிக்கவில்லை. வெயில் படாத அறை என்பதால் மஞ்சள் இன்னும் முழுதாக வெளுத்திருக்காது. நீங்கள் தினமும் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்துதான் வேலை பார்க்கிறீர்கள். நம்பாதவர்கள் விளக்கைப் போட்டுக் கதவின் அடிப்பக்கம் ஒரு தடவை ஆல்கஹால் அடித்துப் பாருங்கள். தண்ணீரை அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று வந்து என்னிடம் சொல்லாதீர்கள்.

இன்று சாயங்காலமும் மலர் அந்தக் கதவைத் தட்டுவாள். "உள்ளே யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பாள். அப்போது உங்களில் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டு, "யாரும் இல்ல மேடம், நாங்க எல்லாரும் இங்கதான் இருக்கோம்" என்று சத்தமாகப் பதில் சொல்லுங்கள். அன்று அவளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.